மின்தடை செய்யாத பிழை

ஐநோடு, அடைவு, சூப்பர்பிளாக் மூன்றையும் முந்தைய வாரங்களில் பார்த்தாயிற்று. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும், திரும்பச் சொல்லி இடத்தை நிரப்பப் போவதில்லை. இந்த வாரம், மீட்கப்பட்ட பெயரில்லாக் கோப்புகள் போய்ச் சேரும் லாஸ்ட்-ஃபவுண்ட் அடைவைத் திறப்பதாகச் சொல்லியிருந்தேன். திறக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே போகும் வழியில் ஒரு வரி குறுக்கே நிற்கிறது. அதைச் சரியாகப் படிக்காமல் தாண்டினால், உள்ளே கிடைக்கும் எதையும் நம்ப முடியாது. பெர்க்லி வழிவந்த பழைய யூனிக்ஸ் கணினி, அது வாக்ஸோ சன் ஒர்க்ஸ்டேஷனோ, திடீரென்று நின்றுபோய் மறுபடி எழும்போது சில வேளைகளில் பாதி வழியில் நின்று, திரையில் பெரிய எழுத்தில் இப்படிச் சொல்லும்: ‘அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி, ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி.’ எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, சரிபார்ப்பு நிரலை நீயே கையால் ஓட்டு என்கிறது. இதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று பதில் சொல்லும் ‘ஒய்’ விருப்பத்தோடு எஃப்எஸ்சிகேயை ஓட்டுகிறார்கள். கணினி எழுகிறது, வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். அந்த வரியின் முற்பாதி ஒரு நோயறிதல் என்பதுதான் இந்த வாரம் நான் நிறுவ விரும்புவது. வந்திருக்கும் பழுது மின்சாரம் போனதால் வந்ததல்ல என்று கணினி காரணத்தோடு சொல்கிறது. அந்தக் காரணத்தைத் தேடாமல் ஆம், ஆம் என்று தட்டுவது தடயத்தை அழிக்கும் வேலை.

எஃப்எஸ்சிகே பரவுவதற்கு முன், 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில்கூட, பழுது பார்ப்பவர் ஐசெக், டிசெக் என்ற தனித்தனி நிரல்களை ஓட்டி, வரும் எண்களைத் தாளில் ஒப்பிட்டு, எந்த ஐநோடை அழிப்பது என்று தாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. பெல் ஆய்வகத்தில் டி. ஜே. கோவால்ஸ்கி இவை எல்லாவற்றையும் ஒரே நிரலாக்கினார். பெர்க்லியில் கிர்க் மெக்கூசிக், 1983இல் வெளியான 4.2 பதிப்பின் புதிய கோப்பு முறைமைக்காக அதைத் திருத்தி அமைத்தார். பெர்க்லியில் சேர்ந்ததுதான் ‘பி’ (p) விருப்பம். கணினி எழும்போதெல்லாம் மனிதரைக் கேட்காமல் தானே சரிசெய்துகொள்ளும் முறை. ஆனால் இந்த முறைக்கு எல்லாவற்றையும் திருத்தும் உரிமை தரப்படவில்லை. கையேடு ஐந்தே ஐந்து பழுதுகளைக் குறிப்பிடுகிறது: எந்த அடைவிலும் பெயரில்லாத ஐநோடு; இருக்க வேண்டியதைவிட அதிகமான இணைப்பு எண்ணிக்கை; காலிப் பட்டியலில் விடுபட்ட பிளாக்; கோப்பில் இருந்துகொண்டே காலிப் பட்டியலிலும் இருக்கும் பிளாக்; சூப்பர்பிளாக்கில் தவறான கூட்டுத்தொகை. இவற்றைத் தவிர வேறு எது கண்ணில் பட்டாலும் கை வைக்காமல் நின்றுவிட வேண்டும். ஏன் இந்த ஐந்து மட்டும்? இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்த கேள்வி இதுதான். லாஸ்ட்-ஃபவுண்டுக்கு ஒதுக்கிய இடத்தையும் இதுவே எடுத்துக்கொண்டது.

பட்டியலில் இரண்டாவதை மறுபடி பாருங்கள். இணைப்பு எண்ணிக்கை அதிகமாக இருந்தால் தானே திருத்தலாம். குறைவாக இருந்தால்? பட்டியலில் இல்லை. ஒரு கோப்புக்கு இரண்டு பெயர்கள் இருக்க, ஐநோடில் மூன்று என்று எழுதியிருந்தால் கணினி முணுமுணுக்காமல் திருத்திக்கொண்டு போகும். அதே கோப்புக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மனிதரை அழைக்கும். இரண்டும் ஒன்று கூடியதும் ஒன்று குறைந்ததும்தான். கணக்கில் இரண்டும் ஒரே அளவு பிழை. ஆனால் வரலாற்றில் அப்படி இல்லை. பிழை எப்படி வந்திருக்க முடியும் என்று கேட்டால் இரண்டும் வெவ்வேறு உலகம்.

கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டுமே உண்டு. பெயர் இருப்பது அடைவில். மலேசியாவின் ஜொகூரிலுள்ள செனாய் விமான நிலையத்தின் வானிலை நிலையம் உலக வானிலைப் பரிமாற்றத்தில் 48679 என்ற எண்ணாகவே போய்வருகிறது, செனாய் என்ற பெயர் நிலையப் பட்டியலைப் புரட்டும் மனிதருக்காக; அதுபோலத்தான் இதுவும். ஆகவே ஒரு கோப்பை உருவாக்குவது வட்டில் இரண்டு வெவ்வேறு இடங்களில் எழுதும் வேலை, அழிப்பதும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் போகலாம். அதைத் தடுக்க வழியில்லை. ஆனால் எதை முதலில் எழுதுவது என்று முடிவு செய்யலாம். பெர்க்லி கோப்பு முறைமை அந்த முடிவைக் கடுமையாகக் கடைப்பிடித்தது. உருவாக்கும்போது எண்ணிக்கை ஒன்று என்று குறித்த ஐநோடு முதலில் வட்டுக்குப் போகும். அது போய்ச் சேர்ந்தபின்தான் அடைவில் பெயர் எழுதப்படும். இரண்டாம் பெயர் கொடுக்கும்போது எண்ணிக்கை முதலில் கூடும், பெயர் பிறகு வரும். அழிக்கும்போது வரிசை தலைகீழ்: பெயர் முதலில் போகும், எண்ணிக்கை பிறகு குறையும், பிளாக்குகள் கடைசியில் காலிப் பட்டியலுக்குத் திரும்பும். இந்தப் படிகளில் எந்த நொடியில் மின்சாரத்தை நிறுத்தினாலும் ஒன்று மாறாது. வட்டில் உள்ள எண்ணிக்கை, வட்டில் உள்ள பெயர்களுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும். ஒருபோதும் குறையாது.

இதன் விளைவு பெரியது. எண்ணிக்கை அதிகமாக இருப்பது மின்தடையின் கைரேகை. எண்ணிக்கை குறைவாக இருந்தால் மின்தடை அங்கே வந்ததே இல்லை என்று அடித்துச் சொல்லலாம். வேறு ஏதோ ஒன்று வட்டில் எழுதியிருக்கிறது. ஒரே பிளாக்கை இரண்டு கோப்புகள் உரிமை கொண்டாடும் ‘டியூப்’ பிழையும் இப்படித்தான். பழைய கோப்பின் ஐநோடு அந்த பிளாக்கைக் கைவிட்டதாக வட்டில் பதிந்த பிறகே அது காலிப் பட்டியலுக்குப் போகும், அதற்குப் பிறகே இன்னொரு கோப்புக்குக் கிடைக்கும். ஒழுங்கான வரிசையில் ஓடிய கணினியில் மின்சாரம் போய் இரண்டு கோப்புகள் ஒரே பிளாக்கில் மோதுவது நடக்காது. பெயர் இருக்கிறது, அது சுட்டும் ஐநோடு காலி என்ற பிழையும் அப்படியே. ஐந்தின் பட்டியல் சோம்பேறித்தனத்தாலோ பயத்தாலோ சுருங்கியதல்ல. மின்தடை உண்டாக்கக்கூடிய பழுதுகளின் முழுப் பட்டியல் அது. மீதி எல்லாம் மின்தடையால் உண்டாக முடியாதவை. நாற்பது ஆண்டுகளுக்கு முன், இவ்வளவு சிறிய நினைவகத்தில் ஓடிய ஒரு நிரலுக்குள் குற்றவாளியைப் பிரித்தறியும் இப்படியொரு தர்க்கம் இருந்தது என்பதை எண்ணி எண்ணி மகிழ்கிறேன்.

தீபகற்ப மலேசியாவில் வாழ்பவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1992 செப்டம்பர் 29ஆம் நாள் தீபகற்பம் தழுவிய மின்தடை வந்தது. 1996 ஆகஸ்ட் 3, ஒரு சனிக்கிழமை மாலை, திரெங்கானுவின் பாக்கா மின்நிலையத்தருகே தொடங்கிய கோளாறு தொடர் சரிவாகி, வடக்கே பெர்லிஸ் முதல் தெற்கே ஜொகூர் வரை தீபகற்பம் முழுவதையும் இருட்டில் ஆழ்த்தியது. அந்த ஆண்டுகளில் இந்த நாட்டின் இணையம் யூனிக்ஸ் மீதுதான் நின்றது. 1987இல் மீமோஸ் நிறுவனமும் பல்கலைக்கழகங்களும் தொடங்கிய ராங்கோம் வலையமைப்பு, தொலைபேசி வழியாக யூயூசிபி முறையில் மின்னஞ்சலைக் கடத்தியது. அதிலிருந்து வளர்ந்தது ஜாரிங். யூயூசிபி ஓடும் கணினியில் ஒரு கடிதம் காத்திருக்கும்போது அது ஒரு கோப்பாக இருப்பதில்லை. வேலைக்கொன்று, உள்ளடக்கத்துக்கொன்று, செயலாக்கத்துக்கொன்று எனப் பல சின்னக் கோப்புகளாகப் பிரிந்து கிடக்கும், அனுப்பியவுடன் அழியும். நாள் முழுவதும் உருவாகி அழிந்துகொண்டே இருக்கும் இத்தகைய ஸ்பூல் அடைவுதான் மின்தடைக்கு முதல் இரை. யுபிஎஸ் துணையின்றி ஓடிய இத்தகைய பெர்க்லி யூனிக்ஸ் ஒவ்வொன்றும் மின்சாரம் திரும்பிய இரவில் பெயரில்லா ஐநோடுகளையும் கூடுதல் எண்ணிக்கைகளையும் தானே துடைத்துக்கொண்டு எழுந்திருக்கும். அப்படி எழுவதற்காகத்தான் அது கட்டப்பட்டது. இடியும் மின்னலும் இவ்வளவு மிகுந்த ஒரு நிலத்தில், நின்றுபோன கணினியைப் பார்த்ததும் ‘கரண்ட் போயிருக்கும்’ என்று சொல்வது இயல்பான வாய்வழக்கு. ஆனால் ‘எதிர்பாராத முரண்பாடு’ என்று நின்றுவிட்ட கணினிக்கு முன் அந்த வாய்வழக்கு பொய். இடி மின்கம்பி வழியாக உள்ளே வந்து மின்வழங்கியையோ கட்டுப்பாட்டு அட்டையையோ காயப்படுத்தியிருக்கலாம். அப்போதும் தேட வேண்டியது காயப்பட்ட உறுப்பை.

பழைய கணினியில் சந்தேகப் பட்டியல் நீளமானதல்ல. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் உலர்ந்துபோன மின்வழங்கி, முனையடைப்பான் தளர்ந்த ஸ்கஸி கேபிள், பிட் புரளும் நினைவகம், சாகும் வட்டு, அரிதாக கெர்னலிலேயே ஒரு வழு. இவற்றை விரைந்து கடந்து, எல்லோரும் கடைசியில் நினைக்கும் ஒன்றிடம் வருகிறேன், ஏனெனில் அது வன்பொருளே அல்ல: ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பகிர்வுகள். சன் கணினியில் ஒரு வட்டை எட்டுப் பகிர்வுகளாக வெட்டலாம். ‘பி’ (b) வழக்கமாக ஸ்வாப், ‘சி’ (c) முழு வட்டு. முழு வட்டே ஒரு பகிர்வு என்பதால், பகிர்வுகள் ஒன்றையொன்று மூடக்கூடாது என்று கணினி தடுக்காது. எப்போதோ ஒருவர் ஸ்வாப்பின் எல்லையைச் சில சிலிண்டர்கள் நீட்டி, அது அடுத்த கோப்பு முறைமையின் வாலிலோ தலையிலோ ஏறிவிட்டால், சாதாரண நாள்களில் எதுவும் நடக்காது. நினைவகம் நிரம்பி ஸ்வாப் அந்த எல்லைவரை நீளும் நாளில்தான் யாரோ ஒருவருடைய நிரலின் நினைவுத் துண்டு ஐநோடுகளின் மேல் எழுதப்படும். எஃப்எஸ்சிகே நின்று கத்தும். ஆம் என்று தட்டினால் ‘சரியாகி’ விடும். பிறகு வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் பெரிய அறிக்கை ஓடும் நாளில் மறுபடியும். இப்படிப்பட்ட கணினியை வட்டு மாற்றியும் கேபிள் மாற்றியும் குணப்படுத்த முடியாது. பகிர்வு அட்டவணையை அச்சிட்டு, தொடக்கத்தையும் நீளத்தையும் கூட்டிப் பார்க்கும் எளிய கணக்கு போதும். ஆனால் அந்தக் கணக்கைப் போட வைப்பது ‘இது மின்தடை அல்ல’ என்ற அறிவு மட்டுமே.

ஆம் என்று தட்டுவது எதை இழக்கிறது என்பதற்கு டியூப் பிழையே நல்ல சாட்சி. இரண்டு கோப்புகள் ஒரு பிளாக்குக்குப் போட்டியிடும்போது எஃப்எஸ்சிகே இரண்டைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்கும்: நீக்கவா? ‘ஒய்’ விருப்பம் இரண்டையும் நீக்கும். கோவால்ஸ்கியின் ஆவணமோ, பொதுவாக மாற்றிய நேரம் முந்தையதாக உள்ள ஐநோடுதான் தவறானது, அதை நீக்குங்கள் என்று வழிகாட்டுகிறது. அதாவது ஒன்றைக் காப்பாற்றலாம். பிந்தைய கோப்பு அந்த பிளாக்கில் கடைசியாக எழுதியது என்பதால் அதன் உள்ளடக்கம் பெரும்பாலும் முழுமையாக இருக்கும். நேரத்தை ஒப்பிடும் மனிதர் ஒரு கோப்பை இழப்பார். ஆம் என்று தட்டுபவர் இரண்டையும் இழப்பார்.

இந்த வழிகாட்டலும் பழைய கணினியில் ஓரிடத்தில் வழுக்கும். ஸ்பார்க்ஸ்டேஷன்களில் கடிகாரமும் கணினியின் அடையாள எண்ணும் ஒரே சில்லுக்குள், அதன் உள்ளேயே புதைத்த லித்தியம் மின்கலத்தின் தயவில் வாழ்கின்றன. மின்கலம் செத்தால் கடிகாரம் உளறும். யூனிக்ஸ் அப்போது கோப்பு முறைமையிடமே நேரம் கேட்கும்: சூப்பர்பிளாக் கடைசியாக எழுதப்பட்ட நேரத்தைத் தோராயமாக எடுத்துக்கொண்டு, தேதியைச் சரிபார்க்கும்படி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் பல மாதம் ஓடிய கணினியில், எந்த ஐநோடு முந்தையது என்ற கேள்விக்கே விடை இல்லை. ஆகவே டியூப் பிழையில் கை வைக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். இரண்டுக்கும் தொடர்பே இல்லாததுபோலத் தோன்றும், ஆனால் உண்டு.

செனாய் என்று எழுதிவிட்டு வட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் நகர முடியவில்லை. வட்டு செய்யும் சீகேட் நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் ஜொகூர் ஆலைக்கு நேரே குறிப்பிட்டிருக்கும் வேலை ஒன்றே ஒன்று: வட்டின் அடித்தட்டு. செனாயில் எழுந்த அந்த ஆலையின் தட்டுகளுக்குக் காந்தப் பூச்சு ஏறும் இடம் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ். அலுமினிய வட்டத்தை அரைத்து, நிக்கல்-பாஸ்பரஸ் முலாம் ஏற்றி, கண்ணாடிபோல் மெருகேற்றினால் அடித்தட்டு. பெர்க்லி கோப்பு முறைமை அந்தத் தட்டை வெறும் எண்களின் வரிசையாகப் பார்க்கவில்லை. உருவமுள்ள பொருளாகப் பார்த்தது. 1984இல் மெக்கூசிக், பில் ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி நால்வரும் வெளியிட்ட கட்டுரையில் ஓர் ஏற்பாடு வருகிறது. வட்டு சிலிண்டர் குழுக்களாகப் பிரிகிறது, கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக்கின் ஒரு நகல் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. நகல்களை எல்லாக் குழுவிலும் தொடக்கத்திலேயே வைத்தால் அனைத்தும் மேல்தட்டிலேயே விழும். தலை மோதி அந்த ஒரு தட்டு கீறிப்போனால் எல்லா நகல்களும் ஒன்றாகப் போகும். அதனால் ஒவ்வொரு குழுவிலும் நகல் முந்தையதைவிட ஒரு தடம் தள்ளி வைக்கப்படுகிறது. விளைவு, நகல்கள் தட்டுகளின் அடுக்குக்குள் சுருளாக இறங்குகின்றன. ஒரு தடமோ ஒரு சிலிண்டரோ ஒரு முழுத் தட்டோ அழிந்தாலும் ஒரு நகலாவது தப்பும். தட்டு எந்த ஊரில் மெருகேறியது என்று தெரியாத ஒரு நிரல், அந்தத் தட்டு உடையும் விதத்தை எண்ணிப் பார்த்திருக்கிறது. பின்னாளில் ஸ்கஸி வட்டுகள் தம் உண்மையான தடக் கணக்கைக் கணினியிடமிருந்து மறைத்துவிட்டதால் அந்தச் சுருள் எண்ணளவில் மட்டுமே எஞ்சியது. ஆனால் நகல்கள் எஞ்சின. முதல் நகல் 32ஆம் செக்டரில். எஃப்எஸ்சிகேயிடம் ‘பி 32’ (b 32) என்று சொன்னால் அங்கிருந்து தொடங்கும். அதுவும் கெட்டிருந்தால் மற்ற இடங்களை நியூஎஃப்எஸ் கட்டளையின் ‘என்’ (N) விருப்பம், வட்டைத் தொடாமலே, பட்டியலிட்டுக் காட்டும். அந்த ‘என்’ எழுத்தை மறந்தால் அதே கட்டளை புதிய காலிக் கோப்பு முறைமையை எழுதிவிடும் என்பதால், எழுதியதை மறுபடி படித்துவிட்டுத்தான் என்டரை அழுத்த வேண்டும்.

இனி மறுப்புகள். உற்பத்தியாளர் கையேடுகளே ‘ஒய்’ போடச் சொல்கின்றனவே என்பது முதலாவது. சொல்கின்றன, கணினி சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக. எஃப்எஸ்சிகே தருவது உட்பொருத்தம் மட்டும். ஐநோடும் அடைவும் காலிப் பட்டியலும் ஒன்றோடொன்று முரண்படாத நிலைக்கு அது கொண்டுவரும்; முரண்பட்டதை வெட்டி எறிந்தும் கொண்டுவரும். கோப்புக்குள் இருப்பது உண்மையா என்பது அதன் கேள்வியே இல்லை. 1984இல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு அறிக்கை தந்தபின் இந்திய வங்கிக் கிளைகளுக்குக் கணினி வந்தது. அவற்றில் பலவும் யூனிக்ஸையும் அதன் உறவான ஜெனிக்ஸையும் ஓட்டின. ஒரு கிளையின் லெட்ஜர் கோப்பு டியூப் பிழையில் சிக்கினால், முரண்பாடே இல்லாத கோப்பு முறைமையில் லெட்ஜர் இல்லாமல் கணினி நன்றாக எழும். கையேடு வாக்களித்தது நடந்துவிட்டது. கிளைக்கு வேண்டியது நடக்கவில்லை.

இரண்டாம் மறுப்பு வலுவானது. லினக்ஸின் எக்ஸ்ட்2 இந்த வரிசை ஒழுங்கைக் கைவிட்டது. ஐநோடையும் அடைவையும் நினைவகத்திலேயே வைத்திருந்து வசதிப்படி எழுதியது. அதனால் வேகம் கூடியது, அதன் சரிபார்ப்பு நிரலும் அருமையாக மீட்டது. அப்படியிருக்க, இவற்றை எழுதும்போதெல்லாம் வட்டுக்காகக் காத்திருந்த பெர்க்லி முறையால் என்ன லாபம்? மீட்பின் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்ட்2இல் மின்தடைக்குப் பிறகு எந்த வகைப் பிழையும் இருக்கலாம். ஆகவே பிழையைப் பார்த்து அது மின்தடையா, கெட்ட நினைவகமா என்று சொல்ல முடியாது. வேகத்துக்காக விற்கப்பட்டது அந்தச் சாட்சியம். அதனால்தான் கிரெக் கேங்கரும் யேல் பேட்டும் 1994இல் முன்வைத்த சாஃப்ட் அப்டேட்ஸ் முறையை நான் பெரிதாக மதிக்கிறேன்: காத்திருக்காமலே வரிசையைக் காக்கிறது. ஜர்னல் கோப்பு முறைமைகள் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கும் இதே பதில்தான். ஜர்னல் காப்பது மின்தடையிலிருந்து. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பகிர்விலிருந்தோ புரண்ட பிட்டிலிருந்தோ அது காக்காது.

மூன்றாவது மறுப்புக்குப் பாதி இணங்குகிறேன். வட்டுக்குள்ளேயே எழுத்து இடைநினைவகம் இருந்து, ‘எழுதிவிட்டேன்’ என்று கணினியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறகு தன் வசதிக்கு வரிசை மாற்றி எழுதினால் என் தர்க்கம் முழுவதும் சரியும். 1990களின் ஐடிஇ வட்டுகள் பலவும் அப்படித்தான் நடந்துகொண்டன. ஆகவே சாதாரண பிசி வன்பொருளில் ஓடிய பழைய யூனிக்ஸில், எண்ணிக்கை குறைவதை வைத்து மின்தடையை விடுவிக்க முடியாது. ஐயம் மட்டுமே கொள்ளலாம். ஸ்கஸி வட்டில் அந்த வசதி அணைந்திருக்கிறதா என்று அதன் அமைப்புப் பக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அணைந்திருந்தால் தர்க்கம் முழு வலிமையோடு நிற்கும்.

திருத்தும் முன் வட்டை நகலெடுங்கள் என்றால், சாகும் வட்டு நகலெடுப்பதிலேயே செத்துவிடும் என்பது கடைசி மறுப்பு. நகலெடுப்பு தலையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே போக்கில் நகர்த்துகிறது. எஃப்எஸ்சிகேயோ ஐநோடுக்கும் அடைவுக்கும் மறைமுக பிளாக்குக்கும் இடையே தலையை அலைக்கழிக்கிறது. போதாததற்கு எழுதவும் செய்கிறது. சாகப்போகும் வட்டுக்கு இரண்டில் எது கொடியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே நான் வலியுறுத்தும் வரிசை இது. ஒற்றைப் பயனர் நிலையில், கோப்பு முறைமையை ஏற்றாமல், ‘என்’ (n) விருப்பத்தோடு எஃப்எஸ்சிகேயை ஓட்டுங்கள். எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று சொல்லும், எதையும் எழுதாது. ஏற்றிய நிலையில் ஓட்டினால் இல்லாத பிழைகளையும் காட்டும், அதை நம்பாதீர்கள். சீரியல் கன்சோல் இருந்தால் அந்த வெளியீட்டை இன்னொரு கணினியில் சேமியுங்கள். அதில் ஐந்தின் பட்டியலுக்கு வெளியே ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் முதலில் நினைவகம், கேபிள், பகிர்வு அட்டவணை, கடிகாரம். கெட்ட நினைவகத்தோடு ஓடும் எஃப்எஸ்சிகே பழுதை வட்டெங்கும் பரப்பும் கருவி. பிறகு டிடி கட்டளையால் மூல வட்டை முழுதாக இன்னொரு வட்டுக்கு நகலெடுங்கள். படிக்க முடியாத இடத்தில் நிற்காமல் அதைச் சுழியால் நிரப்பிக்கொண்டு போகும் விருப்பத்தைச் சேர்த்து, பிளாக் அளவைச் சிறிதாக வையுங்கள். பெரிதாக வைத்தால் ஒரு செக்டர் கெட்டதற்கு நல்ல செக்டர்கள் பலவும் சுழியாகும். முடியுமானால் வட்டைக் கழற்றிப் புதிய கணினியில் மாட்டி, ஆண்டோனியோ டயஸ் எழுதிய டிடிரெஸ்க்யூவைப் பயன்படுத்துங்கள். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கெட்டவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். ஆம் என்று தட்டுவதானால் நகலின்மேல் தட்டுங்கள். என்ன அழிகிறது என்று பார்த்தபின் மூல வட்டைப் பற்றி முடிவெடுக்கலாம்.

லாஸ்ட்-ஃபவுண்ட் இதனால் அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதில் இரண்டு விஷயங்கள் உண்டு. பழைய முறைமைகளில் அந்த அடைவு முன்கூட்டியே இருக்க வேண்டும். உள்ளே காலி இடமும் முன்கூட்டியே வெட்டி வைத்திருக்க வேண்டும், ஏனெனில் பழுதான வட்டில் புதிய பிளாக் ஒதுக்குவது ஆபத்து. அடுத்தது, ரூட் கோப்பு முறைமையைத் திருத்தி முடித்தபின் எஃப்எஸ்சிகே ‘சிங்க் செய்யாமல் மறுதொடக்கம் செய்’ என்று கட்டளையிடும். சிங்க் சிங்க் என்று தட்டிப் பழகிய விரல்கள் அந்த ஓர் இடத்தில் மட்டும் அடங்கியிருக்க வேண்டியது ஏன் என்பதையும் பார்ப்போம்.